ஆட்டம் பாட்டமா, படையல் மேசையா?

அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர் சங்கத்தின் கையிருப்பு ஒரு விழாவுக்குத்தான் தாங்கும் என்றால் எதை வைப்பது? செப்டம்பர் 15 தொடக்க விழாவா, இறந்தவர்களை நினைத்துப் படையல் மேசை வைக்கும் நவம்பர் 1, 2 இறந்தோர் நாளா?

தேதி
தொடக்க விழா: அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தோர்) பாரம்பரிய மாதம் பிறக்கும் நாள். குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்துக்கும் அன்று சுதந்திர தினம், மறுநாள் மெக்சிகோவுக்கு.
இறந்தோர் நாள்: மாதம் அக்டோபர் 15இல் முடிந்துவிடும். இது அதற்கப்புறம்.

செலவு
தொடக்க விழா: இசைக்குழு, ஒலிபெருக்கி, சாப்பாடு. பர்ஸ் காலி.
இறந்தோர் நாள்: ஒரு மேசை, வெட்டுக் காகிதத் தோரணம், இறந்தவர்களின் படங்கள், பான் தெ முவெர்த்தோ என்ற ரொட்டி, கை நிறையச் செண்டுமல்லி. (நம்மூர் மாலைகளில் மணக்கிற அதே பூதான், பூர்வீகம் மெக்சிகோ.) கட்டடத்துக்குள் தீ கூடாதென்றால் பேட்டரி மெழுகுவத்தி போதும்.

யாருடையது
தொடக்க விழா: கியூபா, டொமினிக்கன், புவேர்ட்டோ ரிக்கோ, எல்லாரும் ஆடலாம். பிரேசிலின் மொழி போர்த்துகீசியம் என்பதால் பிரேசில் மாணவர் லத்தீனோதான், ஹிஸ்பானிக் அல்லர்; அழைப்பிதழில் இரண்டு சொல்லையும் போடுங்கள்.
இறந்தோர் நாள்: பெரிதும் மெக்சிகோ வழக்கம். மற்றவர்கள் ஒதுங்கி நிற்கக்கூடும். ஆனால் தன் பாட்டியின் படத்தை வைக்க யார் வந்தாலும் மேசையில் இடமுண்டு.

புதிய மாணவர்களைச் சேர்க்க வேண்டுமா, தொடக்க விழா. பத்துப் பேர்தான், காசும் குறைவு என்றால் படையல் மேசை. மெக்சிகோ மாணவர் ஒருவர்கூட இல்லாத சங்கமென்றால் நான் மேசைப் பக்கம் போகமாட்டேன்.