காளிக்குத் தைக்கும் கடையில் டச்சுக்காரனுக்கு ஒரு கோட்டு

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, வேஷ உடை வாடகைக்குக் கொடுக்கும் வேஷக்கடை என்று கேட்டால் யாராவது கைகாட்டுவார்கள். நான் நுழைந்ததும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "பிள்ளைக்கு எத்தனாங் கிளாஸு?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"அப்போ தசராவா? மாலை போட்டிருக்கியளா?"

"இல்ல, சும்மா விளையாட."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு வயது 41. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன்.

விளையாட்டு இதுதான். நாங்கள் 11 பேர். ஆளுக்கொரு பாத்திரம். காலையில் வேஷம் கட்டினால் சாயங்காலம் வரை அந்த ஆளாகவே பேச வேண்டும், சாப்பிட வேண்டும், சண்டை போட வேண்டும். எழுதிய வசனம் கிடையாது, வேடிக்கை பார்க்க ஆளும் கிடையாது. லார்ப் என்பார்கள். இங்கிலாந்தில் 1982-லேயே பெக்ஃபர்ட்டன் கோட்டைக்குள் இப்படி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கும் தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டை இருக்கிறது, ஆனால் வாளும் கையுமாக உள்ளே போக முடியுமா? திங்கள்நகர் பக்கம் ஒரு தோழியின் தென்னந்தோப்புதான் எங்கள் போர்க்களம்.

இந்த ஆகஸ்டில் எடுத்துக்கொண்டது 1741-ன் குளச்சல் போர். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது டச்சுத் தளபதி டிலனாய். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனவர். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

டச்சுக் கோட்டு என்று கேட்டதும் அண்ணாச்சி ஒரு சிவப்புக் கோட்டை எடுத்துப் போட்டார். கட்டபொம்மன் நாடகத்தில் ஜாக்சன் துரை போடுவது. ஆள் இங்கிலீஷ்காரன், காலமும் அரை நூற்றாண்டு பிந்தியது. "துரைன்னா துரைதானே" என்றார். நாள் வாடகை 250, முன்பணம் 1000. எடுத்துக்கொண்டேன்.

அது தப்பு. பள்ளி ஆண்டுவிழாவுக்கென்று வைத்திருக்கும் உருப்படிகள் எல்லாமே பத்து நிமிஷ மேடைக்குத் தைத்தவை. பளபளவென்று சாட்டின் துணி, உள்ளே லைனிங் இல்லை, பொத்தான் ஒப்புக்கு ஒட்டியது. கையை உயர்த்தினால் அக்குள் பிடிக்கிறது. பதினோரு மணி வெயிலில் வேர்த்துச் சாயம் கழுத்தில் இறங்கியது. திருவிதாங்கூர்க்காரர்கள் பனந்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி நிறுத்தி டச்சுக்காரர்களை மிரட்டினார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. எங்கள் ஆட்டத்தில் எதிரணியும் அதையே செய்தார்கள். நானும் மிரண்டு, சரணடைய மண்டியிட்டேன். கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. போர் அரைமணி நேரம் நின்றுபோனது. மன்னர்தான் முதலில் சிரித்தார்.

திருப்பிக் கொடுக்கும்போது 200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். இற்றுப்போன தையலுக்கு நான் எதற்குத் தர வேண்டும்? கேட்டேன். பலன் இல்லை.

ஆனால் அன்றைக்குத்தான் பின்கட்டில் மிஷின் மிதிக்கும் அக்காவைப் பார்த்தேன். கிழிசலைப் பார்த்தவள், "இத ஏன் எடுத்திய? நாள் முழுக்கப் போடணும்னா என்கிட்ட கேக்கப்பிடாதா?" என்று உள்ளே கூட்டிப்போனாள். அங்கே இருப்பது குலசேகரப்பட்டினம் தசரா உருப்படிகள். காளி, குறவன், போலீஸ், ராஜா. விரதமிருந்து வேஷம் கட்டுகிறவர்கள் அதோடு ஊர் ஊராக நடந்து தர்மம் எடுக்க வேண்டும். அதனால் எல்லாம் பருத்தித் துணி. அக்குளில் சாய்சதுரமாக ஒரு ஒட்டுத்துண்டு, கை தாராளமாகத் தூக்கலாம். கிரீடத்துக்குள் பஞ்சு, தாடைக்கு நாடா, நெற்றி வேர்வைக்குக் கழற்றித் துவைக்கிற பட்டை. காளிக்குப் பின்னால் நிற்கும் கூடுதல் கைகளின் கனம் தோளில் விழாமல் இடுப்புக்கு இறங்கும்படி வார் வைத்திருக்கிறாள். சினிமா, காமிக்ஸ் பாத்திரங்களாக வேஷம் கட்டும் காஸ்பிளேக்காரர்கள் ஃபோம் கவசத்தோடு மல்லுக்கட்டுவதே இந்த வார் விஷயத்தில்தான். இவள் அதைக் காளிக்குச் செய்து பழகியிருக்கிறாள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவளிடமே ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தேன். துணியோடு 1800 ரூபாய். போட்டுக்கொண்டு தென்னை மரத்தில் பாதி ஏறிப் பார்த்தேன், ஒரு இழை கூட விடவில்லை. கழுத்துப்பட்டை மட்டும் கொஞ்சம் உயரம், தாடையில் உரசுகிறது.

ஆயுதம் அங்கே வாங்க வேண்டாம். தகர வாள், ஓரம் அறுக்கும். எங்கள் வாள் பிளாஸ்டிக் குழாய்மேல் யோகா பாய் சுற்றியது. தலையில் அடிக்கக்கூடாது, குத்தவே கூடாது என்ற விதிக்கு அதுதான் சரி.

அப்புறம், புரட்டாசியில் போகாதீர்கள். தசரா கூட்டத்தில் அக்கா தலை நிமிரமாட்டாள். மற்ற மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் போய், முன்பக்கம் நிற்காமல் நேரே பின்கட்டுக்குப் போங்கள்.