பேவர் கல்லைப் பெயர்க்காமல் தரைக்கடியில் பைப்: வாடகை போரிங் செட்டோடு கடலூரில் மூன்று வேலை

மஞ்சக்குப்பம் பக்கம் மெஷின் வாடகைக்கு விடுகிற ஒரு கடையில், டிரில் மெஷினில் ராடு மாட்டித் தரைக்கடியில் படுக்கை வசத்தில் துளை போடுகிற செட் ஒன்று கிடைக்கிறது. நாள் வாடகை 900 ரூபாய், முன்பணம் 5,000. நான் பிளம்பிங்கும் வயரிங்கும் சேர்த்து எடுத்துச் செய்கிறவன். இதுவரை மூன்று வேலைக்கு எடுத்திருக்கிறேன், மூன்றும் மூன்று விதமான மண். கருவி நல்ல கருவி. ஆனால் எந்த மண்ணில் அது சொன்னபடி கேட்கும், எதில் படுத்தும் என்று கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை திருப்பாதிரிப்புலியூரில். போர் ஒரு பக்கம், சம்ப் மறுபக்கம், நடுவில் 14 அடிக்குப் புதிதாகப் போட்ட பேவர் கல், அதற்குக் கீழே கான்கிரீட். போரிலிருந்து சம்புக்குத் தண்ணீர் லைன் ஒன்று, அப்புறம் பின்னால் இருக்கிற வாடகை போர்ஷனுக்குப் போகிற கரன்ட் கேபிள் ஒன்று. அந்தக் கேபிள் அதுவரை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது இந்த ஊரில் நின்ற கம்பங்களை எண்ணிவிடலாம், அதைப் பார்த்தவர்கள் தொங்குகிற வயரை நம்ப மாட்டார்கள். வீட்டுக்கார அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, எது வேணும்னாலும் செய்ங்க, கல்ல மட்டும் தொடாதீங்க. போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல."

வழக்கமாக இதற்கு நாங்கள் செய்வது இரண்டு வழி. ஜிஐ பைப்பின் முனையை மூடி சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளுவோம், இல்லை என்றால் பிவிசி பைப்பில் ஓஸை மாட்டித் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துக்கொண்டே போவோம். அடித்தால் ஆறேழு அடிக்கு மேல் பைப் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது, முனை நசுங்கி வளைந்துவிடும். தண்ணீர் பீய்ச்சினால் சுலபமாகத் துளை விழும், ஆனால் தேவைக்கு மேல் மண் கரைந்து உள்ளே பொந்து விழுந்துவிடும், அடுத்த மழையில் மேலே இருக்கிற கல் இறங்கும். அப்படி இறங்கிய கல்லை எடுத்து மண் நிரப்பி மறுபடி அடுக்கிக் கொடுத்திருக்கிறேன், அதில் கூலியும் போனது பெயரும் போனது.

செட்டில் இருப்பது இவ்வளவுதான்: மெதுவாகச் சுற்றுகிற பெரிய டிரில், மூன்றடி நீளத்தில் உள்ளே துளையுள்ள ராடுகள் ஏழு, கார்பைடு பல் வைத்த தலை ஒன்று, துளையைப் பெரிதாக்குகிற ரீமர் இரண்டு அளவில், டிரில்லுக்கும் ராடுக்கும் நடுவில் மாட்டுகிற ஸ்விவல். இந்த ஸ்விவலில்தான் சூட்சுமம் இருக்கிறது. ராடு சுற்றும், ஓஸ் மாட்டிய பகுதி சுற்றாமல் நிற்கும், தண்ணீர் ராடுக்குள்ளேயே ஓடி தலை வழியாக வெளியே வரும். தலை அறுக்கிற மண்ணை அந்தத் தண்ணீர் சேறாக்கி, ராடை ஒட்டியே நம் குழிக்குத் திருப்பிக் கொண்டுவந்து போடும். வீட்டுக் குழாய்த் தண்ணீரே போதும், அதையும் பாதிதான் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் மேலே சொன்ன பொந்துக் கதைதான்.

இனி குழி. இந்தக் கருவியை எடுத்து ஏமாந்தவர்கள் நான் பார்த்தவரை எல்லாரும் குழியில்தான் ஏமாந்தார்கள். டிரில்லுக்குத் திசை திருப்புகிற வசதி எதுவும் கிடையாது, முதல் ராடு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறதோ அதுதான் கடைசி வரைக்கும். ராடு மூன்றடி, டிரில் ஒன்றரை அடி, நம் கை அசைய இடம், ஆக குழி ஐந்தரை அடி நீளம் வேண்டும், அகலம் ஒன்றரை அடி போதும், ஆழம் துளை போகிற மட்டத்தைவிடக் கீழே அரை அடி கூடுதலாக இருந்தால்தான் சேறு தேங்க இடம் கிடைக்கும். என்னோடு வந்த பையன் மூன்றடி வெட்டிவிட்டு "போதும்ணே, டிரில்ல சாச்சுப் புடிச்சுக்கலாம்" என்றான். சாய்த்துப் பிடித்தால் துளையும் சாய்ந்துதான் போகும். மறுபடி வெட்ட வைத்தேன், முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. இரண்டு குழிக்கும் நடுவில் நூல் கட்டி, தண்ணீர் டியூப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தைக் குறித்து, ராடு மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் சுவிட்சை அழுத்தினோம். அந்தப் பக்கக் குழியைக் கொஞ்சம் பெரிதாக, இரண்டடிக்கு இரண்டடி வெட்டி வைப்பது நல்லது. எவ்வளவு மட்டம் பார்த்தாலும் ராடின் எடைக்குத் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எங்களுக்கு 14 அடியில் நாலு விரற்கடை இறங்கி வந்தது.

கெடிலம் ஆற்றுப் பக்கத்து வண்டல் மண் அது, வெண்ணெய் மாதிரி அறுபட்டது. கரைத்த கேழ்வரகு மாவு போல சேறு சொளசொளவென்று குழிக்குள் வந்து விழ, பையன் அதைத் தகர டப்பாவால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தான். ஒரு ராடு உள்ளே போனதும் நிறுத்தி, இரண்டு பைப் ரிஞ்ச் போட்டுக் கழற்றி, அடுத்த ராடை முடுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். தலை எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நூல் கட்டிய கோட்டின் மேல் வெறுங்காலோடு மெதுவாக நடக்க வேண்டும். இரண்டரை அடி ஆழத்தில் தலை சுற்றுவது உள்ளங்காலில் குறுகுறுவென்று தெரியும், அதிகமாகத் தெரிகிற இடம்தான் தலை இருக்கிற இடம். வீட்டுக்கார அம்மாவே நடந்து பார்த்து, "இங்கதான் இருக்கு, இந்தக் கல்லுக்குக் கீழ" என்று காட்டினார். அவர் காட்டிய இடம் சரியாகவே இருந்தது, ராடை எண்ணிப் பார்த்தோம். முதல் துளைக்கு ஓட்டுகிற நேரம் மட்டும் 50 நிமிடம். கேபிளுக்கு ஒரு அடி தள்ளி தனித் துளை போட்டோம், தண்ணீர் பைப்பையும் கரன்ட் கேபிளையும் ஒரே துளையில் விடக் கூடாது.

தலை அந்தப் பக்கம் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு ரீமரை மாட்டி, அதன் பின்னால் பைப்பைக் கட்டி, ஓட்டிக்கொண்டே பின்னுக்கு இழுக்க வேண்டும். பைப் ஹெச்டிபிஇ-யாக, அதாவது வளைகிற கெட்டி பிளாஸ்டிக் பைப்பாக, இருக்கட்டும். சுருளாகக் கிடைப்பதால் நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே இழுப்பில் வந்துவிடும், நம் ஊர் உப்புக் காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் துருப்பிடிக்கவும் செய்யாது. தண்ணீருக்கு 32 எம்.எம். பைப், கேபிளுக்கு உறையாக 50 எம்.எம். பைப் விட்டு அதற்குள் ஆர்மர்டு கேபிள், அதாவது உலோகக் கவசம் சுற்றிய கேபிள்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, ஈரக் குழிக்குள் நின்றுகொண்டு கரன்ட் மெஷின் பிடிக்கிற வேலை இது. கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற, 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகிற ஆர்சிசிபி இல்லாமல் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். கடையில் கொடுக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அது இல்லை, நான் சொந்தமாக ஒன்று செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிறதென்று சொன்னாலும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பேட்டரியில் ஓடுகிற டிரில் கொடுத்தால் இந்த பயம் வெகுவாகக் குறையும், கடைக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். இரண்டாவது, தலை எதிலாவது சிக்கினால் ராடு நின்றுவிடும், டிரில் சுற்றும். கட்டை விரலையும் மணிக்கட்டையும் முறுக்கிவிடும். பக்கவாட்டுப் பிடியைக் குழிச் சுவரில் அணைத்துப் பிடியுங்கள், சுவிட்சை லாக் போட்டு ஓட்டவே கூடாது, விரலை எடுத்தால் நிற்க வேண்டும்.

இரண்டாவது வேலை கேப்பர் மலையில். செம்மண், சரளை, அடியில் அங்கங்கே செம்பாறாங்கல். முதல் ஆறடி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மெதுவாகத்தான் போனது, ஆனால் துளை கிணற்றுச் சுவர் மாதிரி விறைப்பாக நின்றது, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் மழமழவென்று இருந்தது. ஏழாவது அடியில் கல். டிரில் கையில் துள்ளியது, சேறு வருவது நின்று வெறும் தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும் என்று நினைத்து அழுத்தினேன், தலை கல்லின் மேல் ஏறிச் சறுக்கி மேல் நோக்கித் திரும்பிவிட்டது, அடுத்த பத்து நிமிடத்தில் நடுவாசலில் ஒரு டைல் உப்பி எழுந்தது. எல்லா ராடையும் வெளியே எடுத்து, ஒன்றரை அடி தள்ளி மறுபடி முதலிலிருந்து போட்டு, இரவு ஏழு மணிக்கு முடித்தோம். டைல் என் செலவு. சேறு நின்று வெறும் தண்ணீர் வந்தால் முன்னால் கல் இருக்கிறது என்று அர்த்தம், இதைச் செட்டோடு ஒரு தாளில் எழுதியாவது கொடுக்கலாம்.

மூன்றாவது தேவனாம்பட்டினம். கடற்கரை மணலில் இந்தச் செட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்றடி தோண்டும்போதே தண்ணீர் ஊறியது, துளை போடப் போட மணல் சரிந்து மூடியது. ஒன்பது அடி தூரம்தான், ராடு என்னவோ அந்தப் பக்கம் போய்விட்டது, ஆனால் தலையைக் கழற்றி ரீமர் மாட்டுவதற்குள் மணல் ராடைக் கவ்விக்கொண்டது, இரண்டு ஆள் இழுத்தும் அசையவில்லை. போர் போடுகிறவர்கள் மணலில் பென்டோனைட் என்ற களிமண் தூள் கலந்த தண்ணீர் விடுவார்கள், அது துளைச் சுவரில் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு சரியாமல் பிடிக்கும். தெரிந்த போர் வண்டிக்காரரிடம் ஒரு வாளி தூள் வாங்கிவந்து டிரம்மில் கரைத்து, சின்ன பம்பு வைத்து ஓஸில் விட்ட பிறகுதான் ராடு இளகியது. வேலை முடிந்தது. ஆனால் ஒரு நாளில் முடிய வேண்டியது இரண்டு நாள் ஆனது.

கடை மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேவனாம்பட்டினத்தில் ராடை வெளியே இழுத்தபோது ஒரு ரீமர் உள்ளேயே நின்றுவிட்டது. ராடின் மரை தேய்ந்திருந்தது, முதல் நாளே கழற்றும்போது சந்தேகப்பட்டு போன் செய்தேன், "அது பரவால்லண்ணே, ஓடும்" என்றார்கள். ஒரு பக்கம் குழியை நீட்டி வெட்டித்தான் ரீமரை எடுத்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது மரை தேய்மானம் என்று என் முன்பணத்தில் 1,200 பிடித்தார்கள். ராடைப் பக்கத்தில் வைத்து மரையைக் காட்டினேன், பழைய தேய்மானம் கறுத்துப் போயிருக்கும், புதுசு என்றால் பளபளக்கும், பார்த்தாலே தெரியும். பாதிப் பணம் திரும்பி வந்தது. நீங்கள் எடுக்கும்போது ஏழு ராடையும் கடையிலேயே ஒன்றோடொன்று முடுக்கிப் பார்த்து, ஆடுகிற ராடை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மரைக்குக் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். அப்புறம் ரிவர்ஸ் பட்டனைத் தொடவே தொடாதீர்கள், சிக்கினால்கூட முன் சுற்றிலேயே வைத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ரிவர்ஸில் போட்டால் தரைக்கடியில் ராடு தானாகக் கழன்றுவிடும்.

எதற்கு இது ஆகாது என்றும் கேட்கிறார்கள். கழிவுநீர் லைனுக்கு ஆகாது. அதற்கு வாட்டம் சீராக வேண்டும், இதில் தலை தானாக இறங்குவதும் ஏறுவதும் இருக்கிறபோது வாட்டத்தை நம்ப முடியாது. 20 அடிக்கு மேலும் நான் போக மாட்டேன். தெருவைக் கடக்க வேண்டும் என்றால் மாநகராட்சி அனுமதி இல்லாமல் குழியே வெட்டக் கூடாது, கீழே குடிநீர் லைன், தெருவிளக்குக் கேபிள், போன் கேபிள் எல்லாம் போகிறது. தோண்டுவதற்கு முன் கேபிள், பைப் வைத்திருக்கும் துறைகளுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியே கொண்டுவந்தது. வீட்டு வளாகத்துக்குள் என்றாலும் மீட்டரிலிருந்து கேபிள் எந்தப் பக்கம் போகிறதென்று கேட்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். கேபிள் ஆழத்துக்கு ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தர அளவு வீட்டு வோல்டேஜுக்கு 75 செ.மீ. சொல்கிறது, சாலைக் குறுக்கே என்றால் ஒரு மீட்டர். குழியை அந்தக் கணக்குக்கே வெட்டிவிடுங்கள்.

செலவைப் பார்த்தால் திருப்பாதிரிப்புலியூர் வேலைக்கு வாடகை 900, இரண்டு ஆள் கூலி, தண்ணீர், அவ்வளவுதான். அதே 14 அடிக் கல்லைப் பெயர்த்து, கான்கிரீட் உடைத்து, மறுபடி போட்டிருந்தால் இரண்டு நாள் கொத்தனார் கூலியும் சிமென்ட் ஜல்லியும் தனி. வண்டலிலும் கல் இல்லாத செம்மண்ணிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். களிமண்ணில் நான் இன்னும் ஓட்டவில்லை, அடுத்த மாதம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, முடித்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன். தலையும் ரீமரும் மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துவிட்டேன், டிரில்லும் ராடும் அதே கடையில் வாடகைக்குத்தான் எடுக்கப் போகிறேன்.