ஜப்பான் கேம்பர் வான் பதிவு: ஏஜென்சிக்குக் கொடுத்த காசு பெறுமதியா?

ஏஜென்சிக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கலாம். அந்த மூன்றும் வாகனம் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் செய்த வேலைக்கு. கப்பல் வந்து சேர்ந்த பிறகு நடந்ததற்கு அரைப் புள்ளி கொடுக்கவும் மனம் வரவில்லை. கொழும்பில் இருக்கும் ஓர் இறக்குமதி ஏஜென்சி, பெயர் வேண்டாம்.

ஜப்பானிலிருந்து இறக்கிய வாகனம், டொயோட்டா ஹையேஸ் வானில் கட்டிய கேம்பர். பின்னால் மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவ ஒரு சிங்க். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்ததிலிருந்து திருகோணமலையில் எங்கே நின்றாலும் வாகனக் கதைதான். கார், ஜீப் என்றால் வழி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேம்பர் என்று வாயைத் திறந்தால்தான் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். ஒருவர் லொறி என்றார், இன்னொருவர் ஆம்புலன்ஸ் மாதிரி ஏதோ ஒன்று என்றார். முதலில் பேசிய ஒரு புரோக்கர், "சாதாரண வான் என்று போட்டு எடுத்திடலாம் அண்ணே, வரி குறையும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவரோடு பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்த ஏஜென்சியில் இருந்த தம்பி அப்படி ஆசை காட்டவில்லை. உள்ளே எடுத்த படங்கள் எல்லாவற்றையும், ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழையும் முதலில் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு நேராகச் சொன்ன விஷயம் இதுதான்: படுக்க, சமைக்க வசதி வைத்துக் கட்டிய வாகனம் உலகச் சுங்கப் பட்டியலில் 8703 என்ற தலைப்பின் கீழ் வரும், அதாவது கார்கள் இருக்கும் அதே தலைப்பு. ஜப்பானில் அது 8இல் தொடங்கும் நம்பரோடு சிறப்புப் பயன்பாட்டு வாகனமாகப் பதிந்து ஓடியிருக்கலாம், அதைக் காட்டி இங்கே தனிச் சலுகை எதுவும் கேட்க முடியாது. பழைய வாகனத்துக்கான வயது எல்லையும் வகைக்கு வகை வேறு, அதனால் வகையை முடிவு செய்யாமல் எல்சி, அதாவது இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடன் பத்திரம், திறக்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அவர்களுக்குக் கொடுத்த காசில் உருப்படியாகப் போனது இந்த ஆலோசனைக்குத்தான், பிழையான வகையில் இறக்கிவிட்டுத் துறைமுகத்தில் நின்று வாதாடினால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

வரிக் கணக்கையும் ஒளிக்காமல் போட்டுக் காட்டினார்கள். 2025இல் இருந்தபடி சுங்க வரி 20 வீதம், அந்த வரித் தொகையின் மேல் 50 வீதம் சர்சார்ஜ் என்ற மேலதிக வரி, எஞ்சினைப் பொறுத்து உற்பத்தி வரி, பிறகு வாகன விலையோடு இவை எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் 18 வீதம் வற் வரி. வரிக்கே வரி. உள்ளே இருக்கிற கட்டிலும் அடுப்பும் வாகனத்தின் விலையில் சேர்ந்துதான் வருகின்றன என்பதால் கேம்பராகக் கட்டியதற்குக் கொடுத்த காசுக்கும் அதே வரிதான்.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று மின்சாரம். ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், நமக்கு 230. வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் பிளக்கை அப்படியே நம் வீட்டு வயரில் கொடுத்தால் உள்ளே இருக்கும் மைக்ரோவேவுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான். டிரான்ஸ்போமர் வாங்கிப் போடுங்கள்.

சரி, கப்பல் வந்தது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வாசலில் வைத்துக்கொண்டு வாகனத்தை எடுக்க அம்பாந்தோட்டைக்குப் போகிறோம், அது வேறு கதை. வாகனம் இறங்கியதும் தம்பி காணாமல் போனார், ஃபோனை வேறொரு பெண்பிள்ளை எடுத்தார், அவருக்கு எங்கள் ஃபைலே தெரியாது. பதிவு விண்ணப்பத்தில் ஹையேஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வழக்கமான வானின் இருக்கை எண்ணிக்கையை யாரோ எழுதிவிட்டார்கள். கேம்பரில் அத்தனை இருக்கை எங்கே இருக்கிறது? சரியான எண்ணும் எடையும் அந்த ஏற்றுமதிச் சான்றிதழிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கின்றன, எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விண்ணப்பம் திரும்பி வந்தது. 90 நாளுக்குள் பதியாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்று எங்களைத் துரத்தித் துரத்திச் சொன்னவர்களே அவர்கள்தான், திருத்தத்துக்கு மட்டும் நாங்கள் அவர்களைத் துரத்த வேண்டியிருந்தது. கடைசியில் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நாங்களே போய் நின்றோம். போனபோது அங்கே கேட்டது சுங்கப் பத்திரம், அடையாள அட்டை, வரி செலுத்துநர் இலக்கம், ஒழுங்காக நிரப்பிய படிவம், இவ்வளவுதான். இதற்கு ஆள் வைக்கத் தேவையே இல்லை. அதன் பிறகு பில்லில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி வந்தது, என்ன செலவு என்று கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு சிக்கல் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் எடுத்து, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கிற வேலை மற்ற வாகனங்களுக்குப் போலத்தான். 3500 கிலோவுக்குள் இருப்பதால் கையில் இருக்கிற லைட் வாகன லைசன்ஸே போதும்.

லண்டனில் இருக்கிற மச்சான் இதைப் பார்த்துவிட்டுத் தன் மோட்டார் ஹோமை இங்கே கொண்டுவந்து பதியப் போகிறேன் என்று நிற்கிறார். மூன்று மாதம் சுற்றிவிட்டுத் திரும்பப் போகிற ஆளுக்குப் பதிவு எதற்கு? அங்கே கார்னே கொடுக்கிற நிறுவனத்தின் வழியாக அதை, அதாவது வரி கட்டாமல் வாகனத்தைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர விடும் சுங்க ஆவணத்தை, எடுத்து, அதற்கான பிணையைக் கட்டி, தற்காலிகமாக இறக்கித் திருப்பி ஏற்றலாம். இந்தியாவுக்கும் ஓட்டிப் போகலாம் என்ற கனவை மட்டும் விட்டுவிட வேண்டும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகிற கப்பல் ஆட்களைத்தான் ஏற்றுகிறது. ஜெர்மனி, பிரான்ஸிலிருந்து நிரந்தரமாகக் கொண்டுவர நினைக்கிறவர்கள் முதலில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள், இடப்பக்கம் என்றால் ஏஜென்சிக்கு ஃபோன் எடுக்கவும் வேண்டாம்.

மறுபடி இவர்களிடம் போவேனா என்றால், வகை, வரி, எல்சி வரைக்கும் போவேன். அதற்கு மட்டும் தனி விலை பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு.