ரீஃப்ளோ அடுப்பா, வேவ் சால்டரிங்கா?

எலக்ட்ரானிக் போர்டில் பாகங்களை சால்டர் என்ற உருகும் உலோகக் கலவையால் பற்றவைக்க இவை இரண்டு வழிகள். ரீஃப்ளோவில் போர்டு மேல் ஸ்டென்சில் (துளையிட்ட தகடு) வழியாக சால்டர் பேஸ்ட் (சால்டர் துகள் கலந்த பசை) தடவி, சிப்புகளை வைத்து, நீண்ட அடுப்புக்குள் அனுப்புவார்கள். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். அடுப்பு ஏறக்குறைய 245 வரை போகும். கன்வேயர் வேகம் பிசகினால் தலைவலிதான்.

வேவ் இயந்திரத்தில் உருகிய சால்டர் சுமார் 260 டிகிரியில் அலையாக எழும். போர்டின் அடிப்பக்கம் அதை உரசிப் போகும். துளைக்குள் கால் நுழையும் டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டருக்கு இதுதான் தோது. ஆனால் மேலே படியும் கசடை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் போவது விலை கூடிய வெள்ளீயம், வயிறு எரியும்!

பொடிப் பாகங்கள் மட்டும் என்றால் யோசிக்காமல் ரீஃப்ளோ. சோலார் இன்வெர்ட்டர் செய்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படும்: முதலில் ரீஃப்ளோ, அப்புறம் வேவ்.