டீசல் ஹைட்ரோமீட்டர் செட்: படகுக்காரர் வாங்கலாமா?

பங்க்கில் டீசலின் அடர்த்தி பார்க்க வைத்திருக்கும் அதே செட்டைப் படகுக்காரரும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். டீசலில் மிதக்கவிட்டு அடர்த்தி படிக்கும் ஹைட்ரோமீட்டர் (கன மீட்டருக்கு 800 முதல் 850 கிலோ வரை கோடு போட்டது), ஒரு தெர்மாமீட்டர், 500 மி.லி. ஜாடி, படித்த எண்ணை 15 டிகிரிக்கு மாற்றும் ஒரு திருத்த அட்டவணை, அவ்வளவுதான். மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஏற்றும் விசைப்படகுக்கு இந்தச் செலவு பெரிதல்ல. ஆனால் இது ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். டேங்கர் லாரியில் வந்த டீசலும் உங்களுக்கு ஊற்றும் டீசலும் ஒன்றுதானா என்று சொல்லும். டீசல் நல்லதா என்று சொல்லாது.

வாங்கும்போது ஹைட்ரோமீட்டரில் கோடுகள் 0.5 இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். 700 முதல் 1000 வரை ஒரே தண்டில் அடக்கியது மலிவாகக் கிடைக்கும், இந்த வேலைக்கு ஆகாது. செலானில், அதாவது டேங்கர் லாரியோடு வரும் ரசீதில், உள்ள எண்ணிலிருந்து அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே கூட்டியோ குறைத்தோ 3 தான், அந்தத் தண்டில் 3 கண்ணுக்குத் தெரியாது. தெர்மாமீட்டரில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு டிகிரி சூடு ஏறினால் டீசலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 0.7 கிலோ இறங்கும். இரண்டு டிகிரி தப்பாகக் காட்டும் தெர்மாமீட்டர் அந்த 3-இல் பாதியைத் தின்றுவிடும். பல செட்டுகளில் ஹைட்ரோமீட்டர் சுமாராக இருந்தாலும் தெர்மாமீட்டர் படுமோசம். அதை மட்டும் தனியாக நல்லதாக வாங்குவது உத்தமம்.

பார்க்கும் முறை எளிது, அவசரம் மட்டும் ஆகாது. ஹோஸில் தங்கியிருந்த டீசல் போகட்டும் என்று முதலில் சில லிட்டரை டேங்க்கில் இறக்கிவிட்டு, பிறகு ஜாடியில் பிடியுங்கள். அதே டீசலால் ஜாடியை ஒருமுறை அலசி ஊற்றிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். ஹைட்ரோமீட்டரை மெதுவாக இறக்கி லேசாகச் சுழற்றினால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் விடும். தண்டு ஜாடியின் சுவரைத் தொடக் கூடாது. கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுபோய், தண்டை ஒட்டி மேலே ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, மட்டம் தண்டை வெட்டும் கோட்டைப் படியுங்கள். உடனே வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் படகு கட்டும் பாலத்தின் மேல் ஜாடியை வைத்தால் ஹைட்ரோமீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும், வெயிலில் வைத்தால் படிக்கும்போதே சூடு ஏறும். காற்றும் வெயிலும் படாத இடம்தான் சரி.

பலரும் இடறுவது அடுத்த படியில். செலானில் எழுதியிருப்பது 15 டிகிரியில் உள்ள அடர்த்தி. நம் கரையில் டீசல் 15 டிகிரியில் ஒருநாளும் இருக்காது. ஜாடியில் 33 டிகிரி, ஹைட்ரோமீட்டரில் 817 என்று வைத்துக்கொள்வோம். செலானில் 830. ‘13 குறையுது, கலப்படம்’ என்று சண்டைக்குப் போகக் கூடாது. 18 டிகிரி வித்தியாசத்தை 0.7-ஆல் பெருக்கினால் 12.6. கூட்டினால் 829.6, சரியான டீசல். மனக்கணக்குக்கு இது போதும், வாக்குவாதம் என்று வந்தால் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

போன லோடு 822, இந்த லோடு 838 என்றாலும் பதற வேண்டாம். டீசல் ஒரே பொருள் அல்ல. கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். எரிவாயுவும் நாப்தா என்ற லேசான எண்ணெயும் உச்சியில் பிரியும், அதற்குக் கீழே கெரோசின், அதற்கும் கீழே டீசல், அடியில் கசடு. டீசல் என்று எடுக்கும் பகுதியில் பெரும்பாலும் பத்து முதல் இருபது கார்பன் கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கும். கார்பன் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அமைப்பு மாறினால் அடர்த்தி மாறும். ஆறு கார்பன் நேர்ச் சங்கிலியாக நின்றால் ஹெக்சேன், அடர்த்தி ஏறக்குறைய 660. அதுவே வளையமானால் சைக்ளோஹெக்சேன், 780. பென்சீன் வளையமானால் 880. வளையங்கள் அதிகமுள்ள கச்சா எண்ணெயிலிருந்து வரும் டீசல் கனமாக இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதற்காக ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தை எடுக்கும்போது சில வளையங்களிலும் ஹைட்ரஜன் ஏறி அடர்த்தி கொஞ்சம் இறங்கும். ஆகவே போன மாத எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அந்த லோடின் செலானோடு மட்டும் ஒப்பிடுங்கள். பங்க்கில் கேட்டால் காட்ட வேண்டும். அளவு சரியா என்று பார்க்க 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு, அதில் 25 மி.லி. வரை வித்தியாசம் அனுமதி.

செட் எங்கே தோற்கிறது? 830 டீசலில் 800 அடர்த்தியுள்ள கெரோசினைப் பத்து சதவீதம் கலந்தால் குறைவது 3 மட்டுமே. அது வரம்புக்குள் அடங்கிவிடும். கெரோசினோடு கனமான பழைய ஆயிலையும் சேர்த்தால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஜாடியில் எல்லாம் சரியாக இருக்கும், படகில் புகையும் கரியடைத்த இன்ஜெக்டரும்தான் சொல்லும். பயோடீசல் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு லாரியில் கொண்டுவந்து ஊற்றும் சரக்கை மட்டும் இந்தச் செட் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். உண்மையான பயோடீசலே 860-க்கு மேல், பி.எஸ்.6 டீசலின் உச்ச வரம்போ 845. ஹைட்ரோமீட்டர் 850 கோட்டையும் தாண்டி மிதந்தால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள்.

பெரிய குறை தண்ணீர் விஷயத்தில். டீசலில் தண்ணீர் கரைவது மிகச் சொற்பம், மிச்சமெல்லாம் அடியில் போய் நிற்கும். நாசிலில் பிடித்த அரை லிட்டரில் அது தெரியாது. படகு இன்ஜினை உண்மையில் கெடுப்பது இதுதான். பம்ப் துருப்பிடிக்கும், இன்ஜெக்டர் முனை சிதையும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சை வளர்ந்து கறுப்புச் சளியாகி ஃபில்டரை அடைக்கும். இதற்கு ஹைட்ரோமீட்டரைவிடப் பல மடங்கு மலிவான வாட்டர் பேஸ்ட் போதும். அளவுக்கம்பியின் அடிப்பக்கம் ஒரு சாண் தடவி, டேங்க்கின் தரை தட்டும்வரை இறக்கி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை வைத்து எடுத்தால், தண்ணீர் நின்ற உயரம்வரை நிறம் மாறியிருக்கும். படகு ஆடும்போது பார்த்தால் ஏமாறுவீர்கள். இரவு முழுக்கக் கட்டிக் கிடந்த படகில் விடியற்காலையில் பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பாதி டேங்க்கோடு படகைக் கட்டிப்போடுவது கேட்டைக் கூப்பிடுவது. காலியிடத்துக் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து உள்ளேயே வடியும். விரிய மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பிக் கட்டுங்கள். தடை முடிந்ததும் இன்ஜினைத் தொடுமுன் டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். பேரலில் வைத்திருப்பவர்கள் அதை நிமிர்த்தி வைக்க வேண்டாம். மேல்மூடியில் தேங்கும் மழைத்தண்ணீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் பேரல் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் மூழ்கியிருக்கும்படி திருப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பேஸ்ட், அப்புறம் செட். செட் வாங்கினால் சோதனையின்போது பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. நம் நாட்டுத் தரவிதிப்படி டீசல் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான் கணக்கு. மே மாத இன்ஜின் ரூமில் அதைத் தாண்டிய சூடு சாதாரணம்.