சிங்கப்பூர் கிராண்ட் பிரி: இருக்கையில்லாச் சீட்டும் மூன்று பகல்களும்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் 2008இல் சிங்கப்பூரின் மரினா பே சாலைகளில் நடந்தது. கொரோனாவால் கைவிடப்பட்ட 2020, 2021 தவிர ஆண்டுதோறும் அது தொடர்கிறது. முதன்மைப் பந்தயம் இரவு 8 மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதால், வெளியூரிலிருந்து செல்பவர்களுக்குப் பகல்பொழுது ஏறக்குறைய முழுதாக மிஞ்சுகிறது. அந்தப் பகலை எங்கே கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த வாரயிறுதிக்குச் செலவழித்த பணம் தகுமா என்பதைச் சொல்ல முடியும்.

2025 அக்டோபர் 3 முதல் 5 வரை நடந்த பந்தயத்துக்கு, நான்காம் மண்டலத்துக்குள் மட்டும் நடமாட அனுமதிக்கும் இருக்கையில்லாச் சீட்டில் சென்றிருந்தேன். பாடாங் திடலும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் இந்த மண்டலத்தில் அடங்கும். பந்தயத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பிவேலிக்கு அருகே இடம் பிடித்தாலும், தேசியக் கலைக்கூடத்தின் தூண்களில் மோதித் திரும்பும் இயந்திர ஒலி முதலில் வந்து, தலையைத் திருப்புவதற்குள் கார் போய்விடுகிறது. எந்த அணியின் கார் என்பதை நிறத்தை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1910இல் கட்டப்பட்ட ஆண்டர்சன் பாலத்தை நோக்கிக் கார்கள் திரும்பும் பக்கம் சற்று மேல், ஏனெனில் குறுகலான அந்தப் பாலத்துக்குள் நுழைய அவை வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். யார் முன்னணியில் இருக்கிறார் என்பதைப் பெருந்திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜார்ஜ் ரசல் வென்றார்.

ஆனால் இசை நிகழ்ச்சிகளுக்காகவே செல்பவர்களுக்கு இது நல்ல சீட்டு. பாடாங் மேடை இதே மண்டலத்தில் இருப்பதோடு, நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. வெயில் சாய்ந்த பிறகும் புழுக்கம் குறையாது என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஃபார்முலா ஒன்னில் முதன்முறையாக வெப்ப அபாய எச்சரிக்கை அறிவிக்கப்பட்டதே நான் சென்ற அந்தப் பந்தயத்தில்தான். காதடைப்பானும் மெல்லிய மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும். குடை விரித்தால் பின்னால் நிற்பவர்களின் வசைதான் மிஞ்சும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரத்தையே சொல்வேன். தடத்தை ஒட்டிய விடுதிகளின் கட்டணம் அந்த நாட்களில் எட்டாத உயரத்தில் இருக்கும். சாலைகளும் மூடப்படுவதால் வாடகைக் காரும் பயன்படாது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, தோபி காட்டில் மாறினால் அடுத்த நிறுத்தமே சிட்டி ஹால். காலையில் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையைச் சுற்றிவிட்டு, அங்கேயே தோசையும் ‘தே தாரிக்’ எனும் இழுத்து ஆற்றிய பால் தேநீரும் எடுத்துக்கொள்ளலாம். பந்தயத் திடலுக்குள் விற்கும் உணவின் விலையைப் பார்த்த பிறகு இந்தக் காலை உணவின் அருமை புரியும். பக்கத்திலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற உணவகங்கள் உள்ளன. (சாலையின் பெயரிலுள்ள பந்தயத்தில் ஓடியவை குதிரைகள், 1933இல் அந்தக் குதிரைப் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கு மாறியது.)

ஒரு பகலைப் பூலாவ் ஊபின் தீவுக்கு ஒதுக்குவது மிகவும் தகும். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். தீவில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மரநிழலில் சுற்றலாம். சனி, ஞாயிறைவிட வெள்ளிக்கிழமை காலை உகந்தது. மாலையில் திடலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் மதியத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது. மரினா பே சாண்ட்ஸ், கரையோரப் பூந்தோட்டம் ஆகியவற்றை வேறு பயணத்துக்குத் தள்ளிவைக்கலாம். அந்த நாட்களில் அங்கே நெரிசலைத்தான் பார்க்க முடியும்.

பந்தய இரவுகளில் ரயில்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடுகின்றன என்றாலும், நிகழ்ச்சி முடிந்த கையோடு எல்லோரும் சிட்டி ஹால் நிலையத்தையே மொய்க்கிறார்கள். பாடாங் பக்கமாக வெளியேறுபவர்கள் ஆற்றோரமாகச் சிறிது தூரம் நடந்து கிளார்க் கீ நிலையத்தில் ஏறினால், வழியில் மாறாமல் இரண்டாவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம்.