லீனா அம்மாவின் பூந்தொட்டி

1961-இல் வந்த 'எ ரெய்சின் இன் த சன்' படத்தை ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு பார்த்தேன். லொரெயின் ஹான்ஸ்பெரியின் நாடகம்தான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒண்டுக்குடித்தன வீடு. லீனா அம்மாவின் இறந்த கணவருடைய காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதன்மேல் ஆளுக்கொரு கண்.

எனக்குப் பிடித்தது லீனா அம்மாவாக வரும் கிளாடியா மெக்நீல். கடவுள் இல்லை என்று பேசிய மகளுக்குப் பளாரென்று ஓர் அறை. அப்புறம் கடவுள் இருக்கிறார் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். எங்கள் அப்பத்தாவாக இருந்தால் விளக்குமாறு வந்திருக்கும்! அதே அம்மா, புது வீட்டுக்கு 3,500 முன்பணம் கட்டிவிட்டு மீதி 6,500-ஐ மகன் கையில் கொடுத்து, இனி குடும்பத் தலைவன் நீதான் என்கிறார். மகளின் படிப்புக்கான 3,000-மும் அதில்தான். அவன் அதைக் கூட்டாளியிடம் ஏமாந்து நிற்க, புருஷன் உழைத்தே தேய்ந்ததைச் சொல்லி உடைகிறார் பாருங்கள், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

மகனாக வரும் சிட்னி பாய்ட்டியர் சில இடங்களில் சத்தம் கூடுதல். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் நடுவில் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. சரி, கடைசியில் லீனா அம்மா காலி வீட்டுக்குத் திரும்பி வந்து, தொட்டியில் வளர்த்த அந்த நோஞ்சான் செடியை எடுத்துப்போகிறாரே, அதற்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன்.